யாரும் மண்டிபோடாத களம்

“பொதுமக்கள் தர்ம அடி கொடுத்துப் போலீசில் ஒப்படைத்தனர்.”

பஸ் ஸ்டாண்டில் பேப்பர் புரட்டும்போதெல்லாம் இந்த வரி கண்ணில் பட்டுவிடுகிறது. எந்தப் பேப்பரானாலும் இது மட்டும் மாறுவதில்லை. எழுதுகிறவருக்குக் கை கூசுவதில்லை, படிக்கிறவரும் டீயை உறிஞ்சிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். தர்மத்துக்குச் சோறு போடலாம், தண்ணீர்ப் பந்தல் வைக்கலாம். அடி எப்படி தர்மம் ஆகும்?

இந்தக் கேள்வி என்னுடையது இல்லை, மில்லம்மா கேட்டது. அவர் கேட்டபோது நான் ஒரு கரண்டுக் கம்பத்தில் கட்டப்பட்டிருந்தேன்.

நான் வேதாரண்யம் பக்கம். வீட்டில் எல்லோரும் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அதற்கப்புறம் உப்பு சுமந்தேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், லாரியில் கிளீனராகப் போனேன். ஒரு ஊரில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டித் தங்கியதில்லை. அடி எனக்குப் புதிதும் இல்லை. ஆனால் அன்றைக்கு வாங்கிய அடி வேறு மாதிரி.

சம்பா அறுவடை நேரம். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்கு நெல் ஏற்ற லாரியோடு வந்திருந்தேன். வண்டி பழுதாகி நின்றது. டிரைவர் சாமான் வாங்கத் தஞ்சாவூர் போனார், நான் வண்டிக்கடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டேன். விடிந்து பார்த்தால், அந்த ஊரில் ஒருவருடைய போர்செட் மோட்டாரை உடைத்துச் செம்புக் கம்பியை யாரோ உருவிக்கொண்டு போயிருந்தார்கள். ஊருக்குப் புது ஆள் நான் ஒருவன்தான். அது போதுமானதாக இருந்தது.

“எந்த ஊருடா?” என்றார் மோட்டார்காரர்.

“வேதாரண்யம்ங்க.”

“என்ன ஆளு?”

சொன்னேன். அதற்கு ஒரு அடி. சொல்லாமல் இருந்திருந்தால் அதற்கும் ஒன்று விழுந்திருக்கும்.

கம்பத்தில் கட்டினார்கள். வயலுக்குப் போகிறவர்கள், பால் ஊற்றப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிற ஒரு வாத்தியார், எல்லோரும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். நின்றார்கள், ஆளுக்கு ஒன்று வைத்தார்கள், போனார்கள். அறுப்புக்குப் போன ஒரு அம்மா இடுப்புக் கூடையைச் சரிசெய்துகொண்டு என் கன்னத்தில் அறைந்துவிட்டு நடந்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. கோயில் உண்டியலில் காசு போடுகிறவர் முகம் மாதிரி இருந்தது. அடிக்காதவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்கள்தான் அதிகம்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே வெள்ளைக்கார அம்மா ஒருவர். எழுபதை நெருங்கிய வயது. வெயிலில் பழுத்துச் சிவந்த தோல், கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிய கைத்தறிச் சேலை, காலில் ரப்பர் செருப்பு. வாங்கின அடியில் எனக்குத்தான் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அவர் மோட்டார்காரரிடம் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் போனார். குடையை மடக்கி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“உனக்கு இவன் என்ன பண்ணான்?”

“எனக்கு ஒண்ணும் பண்ணலீங்க மில்லம்மா.”

“அப்ப இங்க என்ன பண்றே?”

“சும்மா நிக்கிறேன்.”

“சும்மா நிக்க உன் வீட்டுல எடமில்லையா? போ. நீ? நீ என்ன பண்றே?”

“தர்ம அடி குடுக்கறாங்க மில்லம்மா, பாத்துக்கிட்டிருக்கோம்” என்றான் ஒருவன் சிரித்துக்கொண்டே.

“அடிக்கு என்னடா தர்மம்? காசில்லாமக் கெடைக்குதுன்னு தர்மமா? வா, உனக்கும் நான் ஒண்ணு தர்மம் பண்றேன்.”

குடை ஓங்கியது. அவன் பின்னால் நகர, கூட்டம் அங்கே கொஞ்சம் விட்டது. அந்த இடைவெளி வழியாகத்தான் அவர் உள்ளே வந்தார். வந்து என் முகத்தைப் பார்க்காமல் என்னைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். விரலால் புரட்டினார்.

“இது என் மில்லுக் கயிறு” என்றார். “மூட்டை கட்டுற கயிறு. என்னைக் கேக்காம யாரு எடுத்தது? திருட்டுன்னா இதுதான் திருட்டு.”

மோட்டார்காரர் முன்னால் வந்தார். “மில்லம்மா, இது ஊர் விஷயம். நீங்க தலையிடாதீங்க.”

“கம்பி எடுத்ததை நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல. ஆனா புது ஆளு இவன் ஒருத்தன்தான்.”

“நானும் ஒருநாள் இந்த ஊருக்குப் புது ஆளுதான்” என்று சொல்லி, பக்கத்தில் நின்ற பெண்ணின் கையிலிருந்த அரிவாளை வாங்கிக் கயிற்றை அறுத்தார். அறுந்த துண்டுகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “வா” என்றார் என்னிடம்.

டிரைவர் சாமானோடு வந்து, வம்பு வேண்டாம் என்று என்னை விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இப்படித்தான் நான் அந்த ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போனேன்.

அவர் என்மேல் இரக்கப்பட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதல் நாளே சொல்லிவிட்டார். “உன்னை எனக்குப் பிடிக்கும்னு நெனைக்காதே. நீ எடுத்தியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. எடுத்திருந்தா போலீஸ் இருக்கு.” காபியில் சர்க்கரை போட மாட்டார், நமக்கும் போட விட மாட்டார். சிரிப்பு அபூர்வம். மில் களத்தில் நெல் காயவைக்கிற பெண்களிடம் தமிழ் கற்றவர், அதனால் அவர்கள் திட்டுகிற மாதிரியே திட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் குடமுருட்டி ஆற்றங்கரையில் பிறந்தவர் என்றே சொல்வீர்கள்.

அவர் பிறந்தது ஆஸ்திரியாவில், வியன்னாவில். யூதக் குடும்பம். முதல் உலகப் போர் முடிந்து, அடுத்த போர் இன்னும் வராமல் இருந்த காலம். அப்பா இன்ஜின் வேலை தெரிந்தவர். அங்கே யூதர்கள் இருக்க முடியாமல் போனபோது, மதராஸ் கம்பெனி ஒன்று ரைஸ் மில்களில் ஆயில் இன்ஜின் பொருத்த ஆள் தேடியது. பன்னிரண்டு வயது மகளோடு அப்பா கப்பல் ஏறினார். அம்மா வரவில்லை. நடக்க முடியாத தாத்தாவை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இங்கே வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் போர் மூண்டது. ஜெர்மன்காரனிடமிருந்து தப்பி வந்தவரை, வெள்ளைக்காரச் சர்க்கார் ஜெர்மன்காரன் என்று சொல்லி முள்வேலி முகாமில் அடைத்தது. இதைச் சொல்லும்போது மட்டும் மில்லம்மாவுக்குச் சிரிப்பு வரும். அது பார்க்க நன்றாக இருக்காது. பிறகு அப்பா வெளியே வந்தார், இறந்தார். மகள் அந்த மில் முதலாளியின் மகனைக் கட்டிக்கொண்டார். லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். நான் போனபோது புருஷனும் இல்லை, மில்தான் இருந்தது. இதெல்லாம் வரிசையாக அவர் சொன்னது இல்லை. அங்கங்கே விழுந்ததைப் பொறுக்கி நான் சேர்த்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மில் வேலை எப்படி நடந்தாலும் விட்டுவிட்டு உள்ளே போய் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவார். களத்துப் பெண்களுக்கு அதில் பெரிய சந்தோஷம். “கிறிஸ்தவங்களா இருந்தாலும் வெள்ளிக்கிழமை வெளக்கேத்த மறக்க மாட்டாங்க நம்ம மில்லம்மா” என்பார்கள். அம்மனுக்கு ஏற்றுகிறார் என்றே நினைத்து ஒருத்தி பூ கொண்டுவந்து வைப்பாள். இது சர்ச் வரைக்கும் போய், ஐயர் ஒருநாள் நேரில் வந்தார். எங்கள் பக்கம் லுத்தரன் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

“அம்மா, வெள்ளிக்கிழமை வெளக்கு வைக்கறீங்கன்னு சபையில பேசிக்கறாங்க. நமக்கு அந்தப் பழக்கம் கிடையாதே?”

“உங்களுக்குக் கிடையாது. எனக்கு உண்டு.”

“எந்தச் சாமிக்கு?”

“எங்கம்மா ஏத்துவாங்க. பின்னல் போட்ட ரொட்டி மேசையில இருக்கும். தாத்தா கடையைச் சாத்திட்டு வருவாரு. அம்மா கண்ணைப் பொத்திக்கிட்டு வேண்டிக்குவாங்க. எந்தச் சாமின்னு நீங்களே பைபிள்ல பாத்துக்குங்க, உங்க ஏசுவோட அம்மாவும் அதே சாமியைத்தான் கும்பிட்டாங்க.”

ஐயர் காபியைக் குடித்துவிட்டுப் போனார், சர்க்கரை கேட்கவில்லை. பூ வைக்கிறவளும் நிறுத்தவில்லை. மில்லம்மா இரண்டு பேரையுமே திருத்தவில்லை.

திருத்தியே ஆகவேண்டும் என்று அவர் கிளம்புகிற இடம் வேறு. டீக்கடையில் யாராவது அடுத்த தெரு ஆட்களை வைத்து ஜோக் சொன்னால் போதும், ரோட்டில் போகிறவர் உள்ளே வந்துவிடுவார். “எங்க ஊர்லயும் மொதல்ல ஜோக்காத்தான் வந்துச்சு. பேப்பர்ல பெரிய மூக்கா படம் போட்டாங்க, நாங்களே பாத்துச் சிரிச்சோம். அப்புறம் ஸ்கூல்ல என்னைக் கடைசி பெஞ்சுக்கு மாத்தினாங்க. அப்புறம் ஆத்துல குளிக்கிற எடத்துல பலகை மாட்டினாங்க, யூதங்களுக்கு அனுமதி இல்லைன்னு. ஒரே நாள்ல எதுவும் வரல. ஜோக்கு சொல்லி முடிச்சாச்சா? இப்ப அடுத்தது என்ன, பலகையா?” கடைக்காரர் வேண்டுமென்றே ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார்.

அந்தக் கடையில் ஒருநாள், பேங்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒருவர் படித்தவர் தோரணையில் ஆரம்பித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க மில்லம்மா. ஜெர்மனியை ஆண்டானே அந்த ஆளு, அவன் மாதிரி ஒருத்தன் வந்தாத்தான் நம்ம நாடு உருப்படும். ரயிலெல்லாம் டயத்துக்கு ஓடுச்சாம்.”

“ஓடியிருக்கும்” என்றார் மில்லம்மா. “எங்கம்மாவையும் தாத்தாவையும் ஏத்திக்கிட்டுப் போன ரயிலும் டயத்துக்குத்தான் போயிருக்கும்.”

அந்த மனிதருக்கு அதோடு நிறுத்தத் தெரியவில்லை. “இல்ல, யூதங்கன்னா பெரிய பணக்காரங்க, வட்டிக்கு விட்டு நாட்டையே கையில வச்சிருந்தாங்கன்னு சொல்றாங்களே? சும்மாவா செய்வான்?”

“எங்க தாத்தா பட்டன் வித்தாரு. சட்டைப் பட்டன். நூலு. ஊசி.” அவர் குரல் உயரவில்லை. “எந்த நாட்டைக் கையில வச்சிருந்தாரு சொல்லுங்க. அந்தக் கை நடுங்கி ஊசியைக் கீழ போட்டுருவாரு, நான்தான் பொறுக்கிக் குடுப்பேன்.”

பேங்க்காரர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் அதே பேச்சை எத்தனையோ ஊர்களில் கேட்கிறேன். ஜெர்மனியை ஆண்ட அந்த ஆள் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். கேட்டால் கம்பீரமான பெயராம். என் வாயில் அந்தப் பெயர் வராது.

மில்லில் ஒரு வினோதமான சட்டம் இருந்தது. நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில் ஐப்பசி மழைக்கு அப்புறம் பாசி பிடிக்கும். எல்லா மில்லிலும் பெண்கள் முட்டி போட்டு உட்கார்ந்து கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத்தான் எடுப்பார்கள். இங்கே யாரும் மண்டிபோடக் கூடாது. ஆள் உயர மூங்கிலில் பிரஷ்ஷைக் கட்டி, நின்றுகொண்டு தேய்க்க வேண்டும். அதில் பாசி பாதிதான் வரும், வேலை இரண்டு மடங்கு. பெண்களே கேலி பண்ணுவார்கள், “மில்லம்மா நம்மளைப் படகு தள்ளச் சொல்றாங்கடீ” என்று. யாராவது சௌகரியத்துக்காகக் குனிந்து உட்கார்ந்துவிட்டால் உள்ளே இருந்து கத்தல் வரும். இடுப்பு வலிக்கக் கூடாது என்று நல்ல மனசில் செய்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இதெல்லாம் நான் அங்கேயே தங்கிவிட்ட பிறகு பார்த்தது. முதலில், என் விஷயம் கம்பத்தோடு முடியவில்லை. கயிற்றை அறுத்த மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் கோயிலில் கூடினார்கள். ஊர் கட்டியதை ஒரு பொம்பளை அவிழ்த்துவிட்டாள் என்பதுதான் குற்றம், செம்புக் கம்பி பின்னால் போய்விட்டது. நான் கோயில் வாசலில் ஊர்க் காலில் விழுந்து, திருடியதை ஒப்புக்கொண்டு வெளியேற வேண்டும். அதுவரைக்கும் அந்த ஊரிலிருந்து ஒரு மூட்டை நெல் மில்லம்மா மில்லுக்குப் போகக் கூடாது. களத்துப் பெண்களும் வேலைக்குப் போகக் கூடாது. இதுதான் கட்டுப்பாடு.

தை மாசி இரண்டும்தான் மில்லுக்கு வருஷச் சோறு. அந்த நேரத்தில் களம் காலியாகக் கிடந்தது. டிராக்டர்கள் மில் வாசலைத் தாண்டித் திருக்காட்டுப்பள்ளிக்குப் போயின. தினமும் மில்லம்மாவுக்கு வணக்கம் வைத்தவர்கள் அந்த இடம் வந்ததும் எதிர்ப்பக்க வாய்க்காலைப் பார்த்தார்கள். மில்லில் மிஞ்சியது நான், அவர், பாய்லர் ஆள். பாய்லர் ஆள் அந்த மில்லிலேயே நரைத்தவர், உமிக் கரியில் தோய்ந்த மனிதர். மில்லம்மாவுக்கு எதிர்ப்பேச்சு பேசக்கூடிய ஒரே ஆளும் அவர்தான்.

அவர் ஒரு வழி கண்டுபிடித்து வந்தார். “அம்மா, நாலஞ்சு பேரு கேக்கறாங்க. பின்பக்கம் வாய்க்கால் வழியா பொழுது சாயறப்ப நெல்லைக் கொண்டாந்து போட்டுடறாங்களாம். யாருக்கும் தெரியாது. பின்கதவை மட்டும் தொறந்து வச்சா போதும்.”

“எங்க தாத்தா கடை வாசல்ல பையனுங்க அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னானுங்க, யூதன்கிட்ட வாங்காதேன்னு. அப்பவும் நல்லவங்க சில பேரு பின்கதவுல வந்து பட்டன் வாங்கினாங்க. தாத்தா அழுது கும்பிட்டாரு அவங்களை.” பின்கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அவங்க யாரும் கடைசிவரைக்கும் முன்னால வரவே இல்ல. முன்வாசல் தொறந்துதான் இருக்குன்னு சொல்லு.”

“மில்லு மூழ்கிடும்மா.”

“மூழ்கட்டும்.”

எனக்கு அது வீம்பாகத்தான் பட்டது. ஒருநாள் மத்தியானம், காலியான களத்தின் ஓரத்தில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது போய்ச் சொன்னேன். “அம்மா, நான் விழுந்துடறேன். எனக்கு என்ன போச்சு? உப்பளத்துல கங்காணி கால்ல விழுந்திருக்கேன், போலீஸ்காரன் கால்ல விழுந்திருக்கேன். விழுந்து எந்திரிச்சா மண்ணு ஒட்டும். தட்டி விட்டுட்டு வேற ஊரு பாத்துப் போயிடுவேன். உங்க மில்லு ஓடும்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“எங்கப்பா மொத உலகச் சண்டையில அந்த நாட்டுக்காகச் சண்டை போட்டவரு” என்றார். “முட்டியில குண்டு. அந்தக் கால் மடங்காது. அதுக்கு மெடல் குடுத்தாங்க. ஜெர்மன் பட்டாளம் எங்க ஊருக்குள்ள வந்த வாரம், எங்க தெருவுல இருந்த யூதங்களையெல்லாம் வீட்டுலேர்ந்து இழுத்துக்கிட்டு வந்தாங்க. ரோட்டுல ஜெர்மன்காரன் வேணாம்னு பழைய கட்சிக்காரங்க எழுதி வச்சிருந்த எழுத்தையெல்லாம் மண்டிபோட்டுத் தேய்க்கணும். வாளியில என்னத்தைக் கலந்தாங்களோ, கையெல்லாம் தோல் உரிஞ்சுது. அப்பா கால் மடங்கல. மடங்க வச்சாங்க.”

நான் தரையைப் பார்த்தேன்.

“சுத்தி நின்னது பட்டாளத்துக்காரங்க இல்ல, தெரிஞ்சுக்க. ரொட்டிக் கடைக்காரரு. எங்க வீட்டுக் காவக்காரரு. எனக்குப் பாட்டு சொல்லிக் குடுத்த டீச்சர். கொழந்தைங்களைத் தோள்ல தூக்கி வச்சுக் காட்டுறாங்க. ஒரே சிரிப்பு. நானும் அந்தக் கூட்டத்துலதான் நின்னேன். என்னை யாருன்னு அங்க எல்லாருக்கும் அடையாளம் தெரியாது. அப்பா நிமிர்ந்து என்னைப் பாத்தாரு, வராதேன்னு கண்ணாலயே சொன்னாரு. பக்கத்துல ஒரு பொம்பளை என்னைப் பாத்துச் சிரிச்சா. சிரிக்கலேன்னா என்னையும் இழுத்துருவாங்கன்னு நானும் சிரிச்சேன். அப்பா அதையும் பாத்தாரு.”

ஒரு காகம் காலிக் களத்தில் நெல் தேடிக்கொண்டிருந்தது.

“வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? மண்ணுதானே, கழுவினா போயிடும்னாரு. நீ இப்ப சொன்னியே, அதே மாதிரி. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அவரு என்கூடப் பேசறப்ப என் முகத்தைப் பாத்ததில்லை. வெக்கம் யாருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, அவருக்கா எனக்கா.” எழுந்து நாற்காலியை மடக்கினார். “உனக்குப் புரியணும்னு இதைச் சொல்லல. நீ விழணும்னா போய் விழு. ஆனா திரும்ப இந்தக் களத்துல காலை வைக்காதே.”

நான் விழவில்லை. வேறு ஊருக்கும் போகவில்லை. ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

பங்குனியில் விஷயம் வெளியே வந்தது. மோட்டார்காரருடைய மச்சானே தஞ்சாவூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் செம்புக் கம்பியோடு பிடிபட்டான். வேறு இரண்டு ஊர் மோட்டார்களும் அவன் வேலைதான். ஊருக்குத் திரும்பி வந்தான், தலைவாரிப் பவுடர் போட்டு டீக்கடையில் உட்கார்ந்தான். அவனை யாரும் கம்பத்தில் கட்டவில்லை. யாரும் அவனை என்ன ஆள் என்று கேட்கவில்லை. அவன் உள்ளூர், அவன் சொந்தம், அவன் அறியாமல் செய்துவிட்டான். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது, அவன்மேல் அல்ல. எந்தக் கம்பத்தில் யாரைக் கட்டவேண்டும் என்று அந்த ஊருக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது என்று நினைத்துத்தான்.

கட்டுப்பாட்டை எடுத்துவிட்டோம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. ஒரு காலை நேரம், ஒன்றுமே நடக்காத மாதிரி மூன்று டிராக்டர் நெல்லோடு மில் வாசலில் வந்து நின்றன. முதல் வண்டியில் மோட்டார்காரர்.

“என்ன மில்லம்மா, நெல்லை எறக்கலாமா?”

மில்லம்மா வாசலை மறித்து நின்றார். நான் பின்னால் நின்றேன்.

“எறக்கலாம். இவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எறக்குங்க. நீங்க என்ன பண்ணீங்கன்னு உங்க வாயால சொன்னா போதும். கால்ல விழ வேணாம். நின்னுக்கிட்டே சொல்லுங்க.”

“விட்டுத் தள்ளுங்க மில்லம்மா. பழைய கதை. இவன் என்ன, நேத்து வந்தவன். நாம தாயா புள்ளையா பழகினவங்க.”

“அதனாலதான் கேக்கறேன்.”

“கூலிக்காரப் பயகிட்ட நான் போயி...” அவர் முடிக்கவில்லை. வண்டி திரும்பியது. பின்னால் வந்த இரண்டும் திரும்பின. பாய்லர் ஆள் தலையில் கைவைத்துக்கொண்டு உமிக் குவியலில் உட்கார்ந்தார். “வந்த மகாலட்சுமியைத் தொரத்தி விட்டுட்டாங்களே” என்று புலம்பினார்.

அன்றைக்கு வெயில் நன்றாக ஏறிய பிறகு, ஒரு அம்மா தலையில் கூடையோடு முன்வாசல் வழியாக நடந்து வந்தார். அறுப்புக் கூலியாக வாங்கின நெல். கூடையை இறக்கி வைத்தார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். கம்பத்தடியில் இடுப்புக் கூடையைச் சரிசெய்துகொண்டு என்னை அறைந்தவர்.

மில்லம்மாவை அவர் பார்க்கவில்லை. நேராக என் எதிரே வந்து நின்றார்.

“தம்பி, அன்னிக்கு நான் உன்னை அடிச்சேன். எதுக்கு அடிச்சேன்னு எனக்கே தெரியல. எல்லாரும் அடிச்சாங்க, நானும் ஒண்ணு போட்டுட்டுப் போனேன். வயலுக்குப் போயும் கை எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.” கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். “அவ்வளவுதான். எனக்கு வேற பேசத் தெரியாது.”

கூடையைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

“பாய்லரை மூட்டு” என்றார் மில்லம்மா.

பாய்லர் ஆள் எழுந்தே விட்டார். “ஒரு கூடைக்கா? அம்மா, இதை வீட்டு அண்டாவுல அவிச்சா முடிஞ்சுது. ஒரு கூடை நெல்லுக்கு ஒரு வண்டி உமியை எரிக்கச் சொல்றீங்களே!”

“மூட்டுன்னு சொன்னேன்.”

மூட்டினார். தையிலிருந்து குளிர்ந்து கிடந்த பாய்லர் சூடேற வெகுநேரம் பிடித்தது. பிறகு புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பியது. முதலில் மெல்லிசாக, அப்புறம் கறுப்பாக, தென்னை உயரத்தைத் தாண்டி. உளுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் வயலில் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். டீக்கடையிலிருந்து ஆட்கள் ரோட்டுக்கு வந்து பார்த்தார்கள். ஊர் முழுக்கத் தெரிகிற புகை. அவ்வளவும் ஒரு கூடைக்கு. அவிந்த நெல்லை நான் களத்தின் நடுவில் பரப்பினேன். அவ்வளவு பெரிய களத்தில் அது ஒரு துண்டை விரித்துப் போட்ட மாதிரி கிடந்தது. அந்த அம்மாவும் மில்லம்மாவும் ஓரத்தில் நின்று காகம் விரட்டினார்கள்.

பாய்லர் ஆள் முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தார். மில்லம்மாவிடம் ஏதோ முறையிட வருகிறார் என்று நினைத்தேன். என்னிடம் வந்தார். துண்டை எடுத்து உதறினார், மறுபடி தோளில் போட்டார்.

“தம்பி,” என்றார், “அன்னிக்குக் காலையில நானும் கம்பத்துக்கிட்டதான் நின்னேன். அடிக்கல. கயிறு இல்லையான்னு கேட்டாங்க. நான்தான் மில்லுலேர்ந்து எடுத்துக் குடுத்தேன்.”

மில்லம்மா காதில் விழுந்தது. அவர் திரும்பவில்லை. காகத்துக்கு ஓங்கிய கை அப்படியே நின்று, மெதுவாகக் கீழே இறங்கியது. நிமிர்ந்து புகைபோக்கியைப் பார்த்தார்.

“தீ எறங்குது,” என்றார். “போயி உமி போடு.”

பாய்லர் ஆள் போனார். புகை மறுபடியும் கறுத்து எழுந்தது.